பெயர் இல்லாத கடிதம்

"இது யார் பண்ற தப்பு ஆபா? பார்த்துட்டுப் பேரை மட்டும் சொல்லுங்க."

மொபஸ்ஸல் ஹுசைன் ஒற்றைத் தாளை மேசைமேல் தள்ளினார். தொழிற்சாலையின் மேலாளர் அவர். டாக்காவை ஒட்டிய காஜிப்பூரின் அந்த நாலு மாடிக் கட்டடத்தில் அவருக்குக் கீழே ஆயிரத்து எழுநூறு பேர் சட்டை தைக்கிறார்கள்.

மனோவாரா தாளை எடுத்தாள். சட்டைகளை மொத்தமாக வாங்கும் வெளிநாட்டுப் பையர்களுக்குப் போகும் கடிதங்களைத் திருத்துவது அவள் வேலை. வெள்ளிக்கிழமை விடுமுறைகளில் கேன்டீனில் சூப்பர்வைசர் பெண்களுக்கு இங்கிலீஷும் சொல்லிக்கொடுப்பாள். மேலாளர் முதல் கேட் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் ஆபாதான், அக்கா.

இந்த வம்பு அவள் வாயால் தேடிக்கொண்டது. ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "பேர் போடாம நாலு வரி குடுங்க, தப்பைப் பார்த்தே எந்தப் பொண்ணு எழுதினதுன்னு சொல்லிடுவேன்" என்று ஜம்பம் அடித்திருந்தாள். அன்றைக்கு முதலில் கைதட்டியவர் இதே மேலாளர்.

கடிதம் பையருக்கு இங்கிலீஷில் எழுதியது. இரண்டாம் படிக்கட்டின் கதவை வேலை நேரம் முழுக்கப் பூட்டி வைக்கிறார்கள், நீங்கள் பார்வையிட வரும் நாளில் மட்டும் திறக்கிறார்கள், தீப்பிடித்தால் நாலாம் மாடியில் இருக்கும் நாங்கள் உயிரைத் தளர்த்துவோம் என்று அதில் இருந்தது.

உயிரை இழப்போம் என்று எழுத நினைத்தவள் உயிரைத் தளர்த்துவோம் என்று எழுதியிருக்கிறாள்.

வகுப்பில் பதினெட்டுப் பேர். lose, loose என்ற அந்த இரண்டு இங்கிலீஷ் சொற்களை இன்னும் குழப்பிக்கொள்பவள் ஒருத்திதான். முற்றுப்புள்ளியே இல்லாமல் மூச்சு முட்ட எழுதிக்கொண்டு போகிறவளும் அவளேதான். ஏழாம் தையல் லைன் சூப்பர்வைசர் கோஹினூர்.

"பிரின்டர் பக்கத்துக் குப்பைத் தொட்டியில கிடந்துச்சு. அனுப்பறதுக்கு முந்தியே சிக்கிடுச்சு, அல்லா காப்பாத்தினான்." மேலாளர் தட்டிலிருந்த சமோசா மாதிரியான சிங்காராவைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். "அதுவாவது போகட்டும். எங்க மேலாளர் சாவியைத் தன் பையிலேயே வச்சிருக்காளாம்! அவளாம்! என்னைப் போய்!"

வங்காளத்தில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல். இங்கிலீஷ் எழுத உட்கார்ந்தால் எல்லாப் பெண்களுக்கும் அந்த இடத்தில் கால் இடறும்.

மனோவாராவுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது.

பெயரைச் சொன்னால், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கோஹினூர் கேட்டுக்கு வெளியே நிற்பாள். அதற்கப்புறம் இந்த ஊரில் ஒரு தொழிற்சாலையும் அவளைச் சேர்க்காது. கதவும் பூட்டியபடியே இருக்கும். சொல்லாவிட்டால் தன் நாற்காலி காலி.

அவள் சிவப்புப் பேனாவைத் திறந்தாள்.

மேலாளரை மறுபடி ஆணாக்கினாள். மூன்று இடங்களில் முற்றுப்புள்ளி வைத்தாள். தளர்த்துவோம் என்பதை அடித்து, இழப்போம் என்று மேலே எழுதினாள். கை எங்கேயும் தயங்கவில்லை.

"திருத்தச் சொல்லல ஆபா. பேரைத்தான் கேட்டேன்."

"தப்போட ஒரு காகிதம் கையில வந்தா சும்மா விட முடியுமா சார்? பழக்கமாயிடுச்சு."

கதவு பூட்டியிருக்கிறது என்ற வரிக்கு வந்தாள். இரண்டு தடவை படித்தாள். அதில் ஒரு தப்பும் இல்லை. அதை அப்படியே விட்டாள்.

"இன்னும் ஒண்ணு பாக்கி சார். கடிதம்னா கீழ பேரு இருக்கணும். வகுப்புல முதல் நாளே சொல்லிக்கொடுக்கிறது."

"அதைத்தானே நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன்!"

மனோவாரா தாளின் அடியில் நிறுத்தி நிதானமாக எழுதினாள்: மனோவாரா பேகம். தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள்.

மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார். "யாரு காதுல பூ சுத்தறீங்க? இத்தனை தப்பு நீங்க எங்க பண்ணப் போறீங்க?"

"பண்ண மாட்டேன் சார்."

அப்போது மேசைமேல் இருந்த போன் அடித்தது. பையரின் டாக்கா அலுவலகம். மேலாளர் எடுத்த வேகத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

"யெஸ் சார். யெஸ் சார்."

போனில் ஒரு பெண்ணின் குரல் எதையோ வாசித்துக்கொண்டே போனது. கேட்கக் கேட்க மேலாளரின் பார்வை தாளின் அடியில் ஈரம் காயாத அந்தச் சிவப்புப் பெயருக்குப் போனது. அங்கிருந்து மெல்ல மனோவாராவின் முகத்துக்கு வந்தது.

போன வியாழக்கிழமை மாலை, ஆளில்லாத கேன்டீனில், கோஹினூரைப் பக்கத்தில் உட்காரவைத்து இதே கடிதத்தை அவள் வரிவரியாகத் திருத்தியிருந்தாள். அன்றைக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. தப்பில்லாத கடிதம் அன்றைக்கே மனோவாரா பேகம் என்ற பெயரில் பையருக்கு மின்னஞ்சலில் போய்ச் சேர்ந்துவிட்டது. திருத்துவதற்கு முன்னால் அச்செடுத்துப் பார்த்து வீசிய தாள்தான் மேலாளருக்குக் கிடைத்தது.

"யெஸ் சார்..." என்றார் அவர் மறுபடியும்.

மனோவாரா பேனாவை மூடினாள்.

"மேடம்னு சொல்லுங்க சார்."