பெலாச்சான் வாடை

முன்பின் பார்த்திராதவள்போல் நிற்க வேண்டும். முகம் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது. கண் அந்தப் பக்கம் போனாலும் புதிதாகப் பார்ப்பதுபோல் கொஞ்சம் மிரள வேண்டும்.

வாசலில் லாரி வந்து நின்றதிலிருந்து பாக்கியலட்சுமி இதையே மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். கிளேபாங்கில் நாலு வருஷம் தினமும் விழித்த முகம். கல்யாணமாகி இரண்டே மாதத்தில் புகுந்த வீட்டுக்கே தேடி வந்துவிட்டது.

இரண்டு ஆட்கள் அதைத் தூக்கிவந்து அடுப்படிப் பலகைமேல் வைத்தார்கள். வெள்ளைப் பூச்சு, மேலே இரண்டு அடுப்பு, முன்னால் இரண்டு கறுப்புத் திருகு. பக்கத்தில் இடுப்பளவு உயரத்துக்கு, இரும்பு உருளையாக ஒரு கேஸ் தோங். இரண்டையும் சேர்க்க ஒரு ரப்பர்க் குழாய். காஜா பெராங்கில் அந்த வரிசை வீடுகளுக்கே அதுதான் முதல் கேஸ் அடுப்பு.

"மெர்டேக்கா வாங்கி, வெள்ளைக்காரன் போயி ரெண்டு வருஷமாச்சு. இன்னும் எங்க வீட்ல ஊதாங்குழலா?" மாமனார் சேதுராமன் அடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இனிமே ஒங்களுக்கு விறகு வேணாம், கரி வேணாம், எல்லாம் செனாங், சுலுவு. என்னாம்மா, பயமா இருக்கா?"

"ஆமா மாமா." சொல்லிவிட்டு, அந்தப் பொய்க்குத் தக்கபடி ஓரடி பின்னால் போனாள்.

பெண் பார்க்க வந்த அன்று அவர் கேட்டது ஒரே கேள்வி. "பொண்ணு யாரு வீட்டுக்கும் வேலைக்குப் போனதில்லையே?" அண்ணன் கலியாணசுந்தரம் கண்ணிமைக்காமல், "வாசப்படி தாண்டினதில்லைங்க" என்றான். கிளேபாங்கில் துரை வீட்டு அடுப்படியில் அவள் ரொட்டி சுட்டதும் சூப்பு வைத்ததும் தெரியவந்தால் அண்ணன் பொய்யன். அவள் பெட்டியோடு அவன் வீட்டில். மாமனார் இந்த விஷயத்தில் வளைந்து கொடுக்கிற ஆள் இல்லை.

கடை ஆட்கள் குழாயை மாட்டினார்கள். "முதலாளி நாளைக்கு வந்து பத்த வச்சுக் காட்டுவாரு. அதுவரைக்கும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

"நல்ல நேரம் நாளைக்கு வரைக்கும் நிக்குமா?" என்றார் மாமனார். தோங்கின் தலையிலும் அடுப்பின் முன்னாலும் சுற்றுகிற எதையும் அவர் விடவில்லை. இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். "எல்லாம் நல்லா சுத்துது லா" என்று திருப்தியாகத் தோங்கின்மேலேயே சாய்ந்துகொண்டார்.

பாக்கியலட்சுமியின் மூக்கு விடைத்தது.

"என்னா வாடை?" கேட்டவரே பதிலும் சொன்னார். "மீனாச்சி வீட்ல பெலாச்சான் வறுக்குறாங்க."

பக்கத்து வீட்டில் அந்த இறால் விழுது வறுபடாத நாளே கிடையாது. ஆனால் இது அது இல்லை, கேஸ். வாய் திறந்தால், "ஒனக்கு எப்படித் தெரியும்?" என்பார். திறக்காவிட்டால்?

மாமியார் ருக்மணி கற்பூரத் தட்டோடு உள்ளே வந்தாள். "ஸ்... என்னா புழுக்கம்!" என்று சன்னல்களைத் தள்ளித் திறந்தாள். பின்கதவையும் திறந்து கல்லை முட்டுக்கொடுத்தாள். மாமனார் சுவிட்சுப் பக்கம் கையை நீட்டியதும், "பட்டப்பகல்ல லைட்டு எதுக்கு?" என்று ஓர் அதட்டல்.

"சரி, கற்பூரத்த ஏத்து."

"பூ இல்லீங்க. போயி வாங்கியாங்க."

"சாமி படத்துல இருக்கிறத எடுத்து வையி."

"வெத்தல கிழிஞ்சிருக்கு."

"கேஸ் அடுப்பா வெத்தல போடப்போவுது? ஏத்து."

"தேங்கா இல்லாம என்னா பூச?"

"சிங்கப்பூர்ல வளந்தவளுக்கு எதுவுமே சரியா இருக்காது." அவர் மருமகளைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியாம்மா, நொட்ட சொல்லியே நல்ல நேரத்த ஓட்டிருவா ஒன் மாமியா."

இரண்டு மாதமாகக் கசந்த அந்த நச்சரிப்பு இன்றைக்குத்தான் பாக்கியலட்சுமிக்கு இனித்தது. இன்னும் ஒரு பத்து நொட்டை சொல்ல மாட்டார்களா!

அதற்குள் மாமனார் சட்டைப் பையிலிருந்து நெருப்புப் பெட்டியை எடுத்துவிட்டார். குச்சியும் வெளியே வந்தது. பெட்டியும் படுக்கையுமாகத் தான் அண்ணன் வீட்டு வாசலில் நிற்பது ஒரு கணம் அவள் கண்ணில் தெரிந்தது. நின்றால் நிற்கட்டும்.

தட்டிலிருந்து எடுத்த பூசைத் தண்ணீர்ச் செம்பு அவள் கையில் சரிந்தது. கற்பூரம், நெருப்புப் பெட்டி, மாமனாரின் முழுக்கைச் சட்டை எல்லாம் தெப்பல்.

"கண்ணு எங்க இருக்கு?" கல்யாணத்துக்குப் பிறகு அவரிடம் அவள் வாங்கிய முதல் திட்டு.

"அவள அப்புறம் திட்டலாம். நேரம் போவுது, ஓடிப்போயி கடையில வேற பெட்டி வாங்கியாங்க!" ருக்மணி அவரை வாசல்வரை தள்ளிக்கொண்டே போனாள்.

செருப்புச் சத்தம் படியிறங்கியதும் பாக்கியலட்சுமி குழாயை நோக்கிப் பாய்ந்தாள். முதலில் அடுப்பின் இரண்டு திருகையும் மூடினாள். பிறகு தோங்கின் தலைக்குக் கையை நீட்டினாள். இரும்பின் குளிர்ச்சி தட்டவில்லை. சூடான ஒரு கை தட்டியது.

எப்போது திரும்பி வந்தாளோ, ருக்மணியின் கை அங்கே இருந்தது. தடுமாறாமல், வலப்பக்கமாக, இறுகும்வரை திருகி மூடிவிட்டு நின்றது.

பின்கதவு வழியே காற்று வந்து வாடையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கொண்டுபோனது.

மாமியார் வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எத மூடணும், எப்படி மூடணும்னு ஒனக்கு யாரு சொல்லிக்குடுத்தா? எங்க கத்துக்கிட்ட? உண்மையச் சொல்லு."

பாக்கியலட்சுமி ஈரத் தட்டைத் துடைத்து நிமிர்ந்தாள். மெல்லத் தலையாட்டி மறுத்தாள்.

"மாட்டேன் அத்தை... நீங்க எந்தத் துரை வீட்ல சமைச்சீங்கன்னு மொதல்ல சொல்லுங்க."