மருதமரம் கேட்ட குளவிகள்

குளத்தங்கரை மருதமரத்தைத் தங்களுக்கே தனி நாடாகக் கேட்டு, கதண்டுக் குளவிகள் வெகுகாலமாகக் காட்டில் எல்லோரையும் கொட்டிவந்தன. காட்டுத் தலைவி கருப்பாயி எருமையும் சும்மா இருக்கவில்லை. கண்ட கூட்டையெல்லாம் கொம்பால் இடித்துத் தள்ளினாள்.

ஒருநாள் குளவித் தலைவன் அவள் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"மரத்தைக் குடுத்திருங்கம்மா. இனி ஒருத்தரையும் கொட்டமாட்டோம்."

"நம்பாதீங்கக்கா, கொடுக்கு அப்படியேதானே இருக்கு?" என்றது பக்கத்தில் நின்ற மான்.

கருப்பாயிக்கும் அதே சந்தேகம்தான். "கொடுக்கைக் கழற்றி வைப்பியா?" என்று தலைவனைக் கேட்டாள்.

"நீங்க கொம்பைக் கழற்றுவீங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, மரம் உங்களுக்கு. நிழல்ல நாங்க படுத்துக்குவோம்."

"தாராளமா."

முதல் ஆளாக அவளே போய்ப் படுத்தாள். இளங்குளவி ஒன்று கோபத்தோடு வந்து அவள் காதில் உட்கார்ந்தது. கருப்பாயி தலையை அசைக்கவில்லை.

"டேய், மேல வா!" என்று தலைவன் அதட்டினான். அது பறந்துபோனது.

கருப்பாயி நிம்மதியாக அசைபோட்டபடியே கண்ணயர்ந்தாள். விழித்தபோது, மான் இரண்டு கால் நிழலிலும் இரண்டு கால் வெயிலிலுமாக நின்றுகொண்டிருந்தது.

"உள்ளே வாயேன்" என்று அவள் நகர்ந்து இடம்விட்டாள்.