மழைக்காலத்தில் ஊதிய குழல்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, காற்று என் பேச்சைக் கொண்டுபோய்விடும். நசாரியா வீட்டு வாசலில் ஒருநாள் நடந்ததைச் சொல்கிறேன். சின்னக் கதைதான்.

அன்றைக்குக் கார்னிவல் திருவிழாச் செவ்வாய். மரக்குழல் கூட்டம் முரசடித்து ஊதிக்கொண்டே வீடு வீடாக வந்துகொண்டிருந்தது.

நசாரியா வாசலில் காகிதத் தோரணம் கட்டியிருந்தாள். குடம் நிறையச் சோளக் கள் வைத்திருந்தாள். இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் தலை பின்னிவிட்டிருந்தாள்.

ஆனாலும் தெருவையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழல்காரர்கள் நுழையாத வீட்டுக்கு ஊர்ப் பொதுநிலத்தில் அந்த வருஷம் பங்கு கிடையாது.

பக்கத்து வீட்டு எவுலாலியா மதில்மேல் சாய்ந்துகொண்டு கேட்டாள். "தோரணமெல்லாம் பலமா இருக்கே நசாரியா. பனிக்கும் சேத்துத்தான் அழைப்பு வச்சியாடி?"

நசாரியா தோரணத்தின் முடிச்சை இன்னொருமுறை இறுக்கினாள்.

ஜனவரியில், மழைக்காலத்து நடுவே, பூத்து நின்ற உருளைச் செடிகளெல்லாம் பனியில் கருகிப்போயின. அதற்கு முந்தின நாள் ஆற்றோரம் நசாரியா வீட்டுப் பக்கமிருந்து நாணற்குழல் கேட்டதாக ஊர் முழுக்கப் பேச்சு. மழைக்காலத்தில் மரக்குழல்தான் ஊதலாம். நாணற்குழல் மழையை விரட்டிவிட்டுப் பனியைக் கூப்பிடும். பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும்.

அவளுக்கும் தெரியும்.

ஒருரோ நகரத்துச் சுரங்கத்தில் செத்த அவள் அண்ணனின் சாமான் பெட்டி, பனிக்கு முந்தின அந்த நாளில்தான் வந்திருந்தது. துணிகளுக்கு நடுவே அவனுடைய நாணற்குழல். துடைக்கத்தான் எடுத்தாள். உதட்டில் வைத்துவிட்டாள்.

முரசுச் சத்தம் நெருங்கியது. இன்னும் மூன்று வீடு. இரண்டு.

எவுலாலியா வீட்டில் ஆடி முடித்துக் கூட்டம் தெருவுக்கு வந்தது. முன்னால் தலைவர் சில்வேரியோ.

"அந்த வீடு வேணாம், மேல நடங்க," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

சில்வேரியோ குழலை வாயிலிருந்து எடுக்காமலே நின்றார்.

பிறகு அவள் வாசலுக்குள் நுழைந்தார். தலைவரின் குழல் போன இடத்துக்கு மற்ற குழல்கள் போகாமல் இருக்க முடியாது. இருபது பேரும் முணுமுணுத்தபடி பின்னால் வந்தார்கள்.

அவர் தலையில் வண்ணக் காகிதத் துகளைத் தூவினாள் நசாரியா. பாதி தரையில் சிந்தியது.

"அண்ணே," என்றாள் அவர் காதோரம். "ஊதினது நான்தான்."

நாணற்குழலில் ஒரே பாட்டு இரண்டு குழலுக்குப் பாதிப்பாதியாகப் பிரிந்திருக்கும். ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்பவேண்டும். அவள் அண்ணனோடு இருபது வருஷம் ஜோடியாக ஊதியவர் சில்வேரியோ.

அவர் கள்ளை வாங்கி, முதல் வாயை மண்ணுக்கு ஊற்றினார்.

"பாதிப் பாட்டைக் கேட்டுட்டுச் சும்மா இருக்க முடியலை, தங்கச்சி. மறுபாதிய நான் எங்க வீட்டு முத்தத்துல ஊதிட்டேன். எதிர்க்காத்து. உனக்குக் கேட்டிருக்காது."

உங்கள் வயல்மேல் பனி இறங்காதிருக்கட்டும் கண்ணுகளா. உங்கள் வாசலை எந்த முரசும் தாண்டிப் போகாதிருக்கட்டும்.