மரநிழல்

வேனையே வீடாக்கி ஊர் சுற்றிய எமல்டாவும் ஜெரோமும், கரண்டு எட்டாத அந்தக் குளிர்ந்த மலைமேட்டில், தாய் செத்துக்கிடந்த கௌதாரிக் கூட்டிலிருந்து ஒற்றை முட்டையை எடுத்துவந்து, பஞ்சு திணித்த பெட்டியில் குட்டி பல்பின் கீழே வைத்திருந்தார்கள். அதற்காக எமல்டா பிரிட்ஜை அணைத்தாள், போன் சார்ஜரைப் பிடுங்கினாள். அப்படியும் நண்பகலில் பேட்டரி கீச்சிட்டு, பல்பு மங்கியது. "கூரை மேல சோலார் இருந்தும் ஏங்க சார்ஜ் ஏறல?" என்று இறங்கிப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் ஜெரோம் வண்டியை மரநிழலில் விட்டிருந்தார். "வெயில்ல நின்னா பெயின்ட் போயிரும்ல," என்றார். "போவட்டும், எடுங்க." பாத்திரங்கள் குலுங்க வீடு வெயிலுக்குள் நகர்ந்தது. அதுவரை முட்டையை உள்ளங்கைகளுக்குள் பொத்தி வைத்திருந்தாள். இன்ஜின் அடங்கிச் சற்று நேரத்தில் பல்பு மெல்லத் தெளிந்ததும் முட்டையைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். எத்தனையோ கோடி மைல் தாண்டி வந்த வெயில், கூரையில் இறங்கி, கம்பி வழியே நடந்து, முட்டை ஓட்டின் மேல் மஞ்சளாகப் படுத்துக்கொண்டது. அப்போது உள்ளிருந்து ஏதோ தட்டியது. ஜெரோம் தொப்பியைக் கழற்றினார். எமல்டா விரல் நகத்தால் பதிலுக்கு ஒருமுறை தட்டினாள். உள்ளே இருந்தது சற்று யோசித்துவிட்டு, மறுபடி தட்டியது.