மூடித் தைத்த கவர்

"பின்சீட்ல பெல்ட் மாட்டுற எடத்துக்கு ஓட்டை வெட்டவா சார்?" என்று சீட் கவர் தைப்பவர் கேட்டபோது, "பின்னாடி உக்கார்றவன் எவன் பெல்ட் போடறான்? அழகா மூடியே தைச்சிடுங்க" என்று சொன்னவர் தணிகாசலமேதான். கடைசியாக அந்தக் காரில் போன அன்று, மகள் நிறைமதி பெல்ட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு சீட்டைத் தடவித் தடவி, "மாட்டுற எடம் எங்கப்பா?" என்றாள். "போடறதும் போடாததும் நம்ம இஷ்டம்மா. பேசாம உக்காரு" என்றார். அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து, காவல் நிலையத்தில் நசுங்கிக் கிடந்த காரிலிருந்து அவள் பையை எடுக்க வந்தவர், சாவியால் அந்தக் கவரைக் கிழித்தார். உள்ளே கொக்கி புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. பெல்ட்டை இழுத்து மாட்டினார். டக்கென்று பிடித்துக்கொண்டது. "எடுத்தாச்சா சார்?" என்றார் வெளியே நின்ற ஏட்டு. சிவப்புப் பொத்தானை அழுத்தி அதை விடுவிக்க அவருக்குக் கை வரவில்லை.