கரடி ஷூ வாங்கிய விதம்

ஜிம்மில் எடை தூக்கவும், காலையில் கொஞ்ச தூரம் ஓடவும் சேர்த்து ஒரே ஒரு ஜோடி ஷூ வாங்கத்தான் கரடிக்கு வசதி. தப்பானதை வாங்கிவிடுவோமோ என்று அதற்கு உள்ளுக்குள் உதறல்.

கடைக்கார நரி ஸ்டூலில் உட்கார்ந்தபடி மெத்தென்ற ஷூவை மாட்டிவிட்டது. "நடந்து பாருங்கண்ணே, பஞ்சு!"

"ஜிம்முல பஞ்சையா தூக்கப்போறேன்?" என்று சீறிய கரடி, நரியை ஸ்டூலோடு தலைக்குமேல் தூக்கியது. ஷூ அமுங்கிக் கால் தள்ளாடியது. நரி அலறியது.

இறக்கிவிட்டு, அடி தட்டையான ஷூவை மாட்டி மறுபடி தூக்கியது. கால் அசையவில்லை. தூக்கியபடியே தெருமுனை வரை ஓடியும் பார்த்தது. குதிகால் வலிக்கவில்லை.

"இதாண்டா என் ஷூ!"

"எடுத்துக்குங்கண்ணே, முதல்ல என்னைக் கீழே விடுங்க!"

"விலையைக் குறைடா தம்பி. அதுவரைக்கும் இன்னொரு ரவுண்டு போய்ட்டு வருவோம்" என்றது கரடி, பாசத்தோடு.