மகளுக்கு ஒரு கம்ப்யூட்டர்

"பெரிசு இருக்க, ஏன் தம்பி சின்னதைக் காட்டுறீர்?" என்று கேட்டார் தங்கரத்தினம்.

கோலாலம்பூரை அடுத்த கிள்ளானில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் கடையில் மேசைக்கு மேசை திரைகள் ஒளிர்ந்துகொண்டிருந்தன. பதினேழு அங்குலத் திரை ஒன்றின் மேல் கை வைத்தபடி அவர் நின்றார். அரசாங்க ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கோலாலம்பூரிலேயே பிறந்து வளர்ந்தும் வீட்டுத் தமிழை விடாதவர். ஆளை நிறுத்திக் கேள்வி கேட்பது அவருக்குக் கைவந்த விஷயம்.

"மேசை எவ்வளவு அகலம், ஆன்டி?" என்றான் கடைக்காரன் பாலன்.

அவர் கைகளை விரித்துக் காட்டினார்.

"அப்படின்னா இது வேணாம். பின்னாடி எவ்வளவு நீளுது பாருங்க. இதை வெச்சா கீபோர்டுக்கு இடமே இருக்காது. முகத்துல இடிக்கிற மாதிரி நிக்கும். யாருக்கு வாங்குறீங்க?"

"என்ர மகளுக்கு. வீட்டிலை இருந்து மொழிபெயர்ப்பு வேலை செய்யிறாள்."

"அப்ப நாள் பூரா எழுத்தைத்தான் பார்ப்பாங்க. பதினஞ்சு இன்ச் போதும் லா. இங்க வாங்க."

பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு திரைகளின் முன்னால் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்கார வைத்தான்.

"நேரா பார்க்காதீங்க ஆன்டி. சுவரைப் பார்த்துக்கிட்டே ஓரக்கண்ணால பாருங்க."

பார்த்தார். விலை குறைந்த திரை தண்ணீர்போல மெல்லத் தளும்பியது. மற்றது அசையாமல் நின்றது.

"இந்த நடுக்கம்தான் சாயங்காலம் தலைவலியா வரும். ரெண்டுக்கும் விலையில கொஞ்சம் வெள்ளிதான் வித்தியாசம்."

தங்கரத்தினம் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. எங்காவது ஓரிடத்தில் இவன் வழுக்குவான் என்று காத்திருந்தார்.

"மூலையில இருக்கிற அது ஏன் மலிவு?"

"ஒரு கஸ்டமர் திருப்பிக் கொடுத்தது. ஓரத்துல கலர் மாறும். சொல்லித்தான் விப்பேன். உங்க மகளுக்கு வேணாம்."

"சரி. உள்ளுக்கு ஆக வேகமான பென்டியத்தைப் போடும். காசைப் பற்றி யோசிக்காதையும்."

பாலன் தலையை ஆட்டினான். "டைப் பண்ண அது எதுக்கு ஆன்டி? அடுத்த வருஷமே பழசாயிடும். அதுக்குக் கீழே உள்ளதை எடுத்துக்கிட்டு மெமரியைக் கூட்டிக்கலாம். திரையில மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீங்க. கண்ணுக்கு ஸ்பேர் பார்ட் கிடையாது."

கல்லாவில் உட்கார்ந்திருந்த சீன இளைஞனுக்குத் தமிழ் ஓரளவு புரியும் போலிருக்கிறது. நல்ல வியாபாரம் ஒன்று கண்ணெதிரே கரைவதைப் பார்த்து, பெருமூச்சு விட்டான்.

"கடை உம்மடையோ?"

"நானும் கல்லாவுல இருக்கிற ஆ செங்கும் பார்ட்னர்."

"தாய் தகப்பன்?"

"அப்பா இல்ல. அம்மா ஜெஞ்சாரோம் பக்கம் செம்பனைத் தோட்டத்துல, பாமாயிலுக்கு உதிரிப் பழம் பொறுக்கித்தான் என்னைப் படிக்க வெச்சாங்க."

கேபிளைச் சுருட்டிக்கொண்டே சொன்னான். குரலில் கூச்சமும் இல்லை, பெருமையடிப்பும் இல்லை. கடைக்குள் நுழையும்போது தங்கரத்தினத்தின் மனசில் இருந்த முறைப்பு எப்போது கரைந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"பழுதாப் போனால்?"

"போன் பண்ணுங்க, நானே வரேன். திரையைத் தூக்கிக்கிட்டு நீங்க டிரெயின் ஏறிடாதீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீர் சொன்னதையே போடும். பிரிக்பீல்ட்ஸுக்குக் கொண்டுவர ஏலுமோ?"

"அங்கேயிருந்தா வந்தீங்க? கே.எல்.லயே இத்தனை கடை இருக்கே, ஆன்டி."

"இந்தக் கடையைத்தான் பார்க்க வேணும் எண்டு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வாரும். வரேக்கை உம்மட அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாரும்."

பாலன் விழித்தான். "கம்ப்யூட்டர் மாட்டுறதுக்கு அம்மா எதுக்கு, ஆன்டி?"

தங்கரத்தினம் எழுந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"கம்ப்யூட்டரை நீர் தனிய வந்து பூட்டலாம். ஆனா, உம்மைத்தான் கட்டுவன் எண்டு ஒற்றைக்காலிலை நிக்கிற என்ர நளாயினியைப் பொம்பிளை கேக்க, பெரியாக்கள் வரவேணுமெல்லோ?"